பி.எம்.டபிள்யூ ஐஎக்ஸ்1-ஆ, மெர்சிடிஸ் ஈக்யூஏ-வா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அத்தான் பத்து வருஷம் ஓட்டிய டீசல் காரைக் கொடுத்துவிட்டு மின்சாரக் கார் வாங்கக் கிளம்பினார். பட்டியலில் கடைசியாக மிஞ்சியவை இரண்டு. ஒன்று பி.எம்.டபிள்யூ ஐஎக்ஸ்1, நீளப் பதிப்பு. இன்னொன்று மெர்சிடிஸ் பென்ஸ் ஈக்யூஏ 250+. கார் விஷயம் கொஞ்சம் தெரிந்தவன் என்ற பாவத்துக்காக ஷோரூம் ஷோரூமாக என்னையும் இழுத்துக்கொண்டு போனார். விஷயம் வெளியே தெரிந்ததிலிருந்து சொந்தக்காரர்கள், ஆபீஸ் நண்பர்கள் என்று ஆளாளுக்கு அதே கேள்விகள். அதனால் மொத்தமாக எழுதிவைத்துவிட்டேன். கிலோவாட்-ஹவர் என்று வரவேண்டிய இடத்தில் எல்லாம் யூனிட் என்றே எழுதியிருக்கிறேன். ஈ.பி. கார்டில் வரும் அதே யூனிட்தான்.

இரண்டும் என்ன விலை?

ஐஎக்ஸ்1 நீளப் பதிப்பு 2025 ஜனவரியில் 49 லட்சத்துக்கு அறிமுகமானது. ஈக்யூஏ 2024 ஜூலையில் 66 லட்சத்துக்கு வந்தது. இரண்டும் அறிமுகத்தின்போது சொன்ன ஷோரூம் விலை. இன்ஷூரன்ஸ், பதிவுச் செலவு எல்லாம் தனி. இன்றைய விலையை ஷோரூமில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரே மாதிரி இரண்டு காருக்கு நடுவே 17 லட்சம் எப்படி வந்தது?

காரைவிட, அது எங்கே பூட்டப்படுகிறது என்பதுதான் பெரிய காரணம். ஐஎக்ஸ்1 செங்கல்பட்டுப் பக்கம் மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில், 2007-லிருந்து பி.எம்.டபிள்யூ நடத்திவரும் ஆலையில் பாகங்களாக வந்து பூட்டப்படுகிறது. ஈக்யூஏ முழுக் காராகவே கப்பலில் வருகிறது. முழுக் காருக்கு இறக்குமதி வரி கடுமை. அந்த வரியை வாங்குகிறவர்தான் கட்டுகிறார்.

பி.எம்.டபிள்யூவின் பழைய கதையைப் பார்த்தால் இது இன்னும் நன்றாகப் புரியும். 2023-இல் இதே ஐஎக்ஸ்1 முழு இறக்குமதியாக வந்தபோது விலை 66.9 லட்சம். அதற்கு இரண்டு மோட்டார், 313 குதிரைத்திறன். இப்போது ஒரே மோட்டார், 204 குதிரைத்திறன், நீளம் கூடுதல், விலை 18 லட்சம் குறைவு. வேகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்துக் கால் வைக்க இடம் வாங்கியிருக்கிறார்கள். டிரைவர் வைத்துக்கொண்டு பின்னால் உட்காருகிறவர்கள் நிறைய இருக்கும் ஊரில் இது நல்ல கணக்கு.

ஒரு வேடிக்கைக் கணக்கும் போட்டேன். அந்த 17 லட்சத்தை அப்படியே கரண்டுக்குச் செலவழித்தால், யூனிட் 12 ரூபாய் என்று வைத்தாலும், ஏழெட்டு லட்சம் கிலோமீட்டர் ஓட்டலாம். அதற்குள் கார் மட்டுமல்ல, நாமும் தேய்ந்துவிடுவோம்.

ஒரு சார்ஜில் பி.எம்.டபிள்யூ 531 கி.மீ., மெர்சிடிஸ் 560 கி.மீ. என்கிறார்கள். 29 கி.மீ. தானே வித்தியாசம்?

இல்லை. என்னிடம் வருகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

இரண்டு எண்ணும் வேறு வேறு பரீட்சையில் வாங்கிய மார்க். 531 என்பது எம்.ஐ.டி.சி. என்ற இந்தியச் சோதனை முறையில் வந்தது. 560 என்பது டபிள்யூ.எல்.டி.பி. என்ற, ஐரோப்பாவில் நடப்பில் உள்ள முறையில் வந்தது. இந்தியச் சோதனையில் வேகம் குறைவு, மார்க்கும் தாராளமாகப் போடுவார்கள். ஐரோப்பிய முறை அதைவிடக் கண்டிப்பு. ஐரோப்பாவில் விற்கும் ஒற்றை மோட்டார் ஐஎக்ஸ்1 அந்த முறையில் வாங்குவது 430-லிருந்து 475 கி.மீ. வரைதான். ஆக, ஒரே தராசில் வைத்தால் வித்தியாசம் 29 இல்லை. மெர்சிடிஸ் 85 கிலோமீட்டருக்குக் குறையாமல் முன்னே நிற்கிறது.

சரி, அப்படியானால் மெர்சிடிஸ்தானே நல்லது? காகிதத்தில் ஆமாம். ஆனால் பேட்டரியைப் பாருங்கள். பி.எம்.டபிள்யூவுக்கு 66.4 யூனிட், மெர்சிடிஸுக்கு 70.5 யூனிட். நான்கு யூனிட்தான் கூட. நம் ஊர் நாற்கர சாலையில் ஏ.சி. போட்டு 100-இல் போனால் யூனிட்டுக்கு ஆறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாகக் கணக்கு வைப்பேன். அப்படிப் பார்த்தால் பி.எம்.டபிள்யூ 385, மெர்சிடிஸ் 410-லிருந்து 420. காலின் அழுத்தம் கொஞ்சம் கூடினாலே மறைந்துபோகிற வித்தியாசம். ஷோரூமில் உங்களுக்கு வண்டி காட்டுகிறவர் 531 என்று அழுத்திச் சொன்னால், “எந்தச் சோதனையில்?” என்று மட்டும் கேளுங்கள். நாங்கள் கேட்டபோது ஒருவர் சட்டென்று பேச்சைக் காருக்குள் எரியும் அலங்கார விளக்குக்கு மாற்றிவிட்டார்.

சென்னையிலிருந்து மதுரைக்கு நிற்காமல் போகுமா?

இரண்டுமே போகாது. 460 கிலோமீட்டர். போகும் என்று யாராவது சொன்னால் அவர் 80-ஐத் தாண்டாதவராக இருக்கவேண்டும், அல்லது வண்டி விற்பவராக.

ஆனால் ஒரு நிறுத்தம் போதும், இரண்டு காருக்கும் அதே ஒன்றுதான். வீட்டிலிருந்து 100 சதவீதத்தில் கிளம்பினால் பெரம்பலூர் வரை 270 கிலோமீட்டருக்கு பி.எம்.டபிள்யூவில் 47 யூனிட் போகும். மிச்சம் 30 சதவீதத்துக்குப் பக்கம். 60 கிலோவாட் சார்ஜரில், அதாவது மணிக்கு 60 யூனிட் வரை தரக்கூடியதில், நாற்பது நிமிஷம் நின்றால் 80 ஆகிவிடும். அதற்குள் சாப்பிட்டு, அம்மாவைக் கொஞ்சம் நடக்கவிட்டு, வந்து உட்கார்ந்தால் சரியாக இருக்கும். மதுரை போய்ச் சேரும்போது இன்னும் 30 சதவீதம் கையில் இருக்கும்.

சார்ஜர் வேலை செய்தால், என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நண்பனின் மின்சாரக் காரில் திருச்சி போனபோது வழியில் ஓர் இடத்தில் நின்றோம். செயலியில் “காலி” என்று பச்சையாகக் காட்டியது. போய்ப் பார்த்தால் இரண்டு துப்பாக்கியில் (காரில் மாட்டும் கைப்பிடியைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்) ஒன்றின் திரை கறுப்பு. மற்றதில் வேறு கார், ஓட்டுநர் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வேறொரு நாள் இரண்டும் வேலை செய்தன, ஆனால் பக்கத்தில் இன்னொரு கார் வந்து மாட்டியதும் எங்கள் காரின் திரையில் 58 என்றிருந்தது 29 ஆகிவிட்டது. பல சார்ஜர்களில் 60 என்பது இரண்டு காருக்கும் சேர்த்து. அதனால் 10 சதவீதம் வரை ஓட்டி நிற்கலாம் என்று நினைக்காதீர்கள். 30-இல் நில்லுங்கள். அடுத்த சார்ஜர் வரை போக அப்போதுதான் தெம்பு இருக்கும்.

பி.எம்.டபிள்யூ 130 கிலோவாட்டில் ஏற்றும், மெர்சிடிஸ் 100 தான். பெரிய விஷயமா?

120-க்கு மேல் தரும் சார்ஜர் கிடைத்தால் விஷயம்தான். 10-லிருந்து 80-க்கு பி.எம்.டபிள்யூ அரை மணி, மெர்சிடிஸ் 35 நிமிஷம். ஐந்து நிமிஷ வித்தியாசம். 60 கிலோவாட் சார்ஜரில் இரண்டும் ஒன்றே. தண்ணீர் வரும் குழாய் சின்னதாக இருக்கும்போது தொட்டியின் வாய் எவ்வளவு அகலம் என்று பார்த்து என்ன?

வீட்டில் சார்ஜ் செய்ய என்ன வேண்டும்?

மூன்று ஃபேஸ் இணைப்பு. இரண்டு காரும் வீட்டில் 11 கிலோவாட் வரை ஏற்றிக்கொள்ளும், ஆனால் அதற்கு மூன்று ஃபேஸ் இருக்கவேண்டும். அப்படி இருந்தால் ராத்திரி மாட்டி காலையில் எடுத்துவிடலாம். சாதாரண 15 ஆம்பியர் ப்ளக்கில் மாட்டினால் ஒரு பகல் ஓர் இரவு ஆகும்.

தனி வீட்டுக்காரர்களுக்கு எர்த்திங் சரியாக இருக்கிறதா என்று ஒரு எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்ப்பது மட்டும்தான் வேலை. அடுக்குமாடியில்தான் கதை. பார்க்கிங் உங்கள் பெயரில் இருக்கவேண்டும், மீட்டர் அறையிலிருந்து கேபிள் இழுக்கச் சங்கம் ஒப்புக்கொள்ளவேண்டும். அத்தான் வீட்டில் செயலாளர் மூன்று கூட்டம் தள்ளிப்போட்டார். தீப்பிடிக்கும் என்று ஒருவர், பொது கரண்டைத் திருடுவார்கள் என்று இன்னொருவர். கடைசியில் சொந்த மீட்டரிலிருந்து கேபிள், தனி எம்.சி.பி. (கோளாறு வந்தால் தானே கரண்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச்), செலவு முழுக்க நம்முடையது என்று எழுதிக்கொடுத்த பிறகு மடிந்தார்கள். காருக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால் இந்தக் கடிதத்தைக் கையில் வாங்குங்கள். வீட்டில் சார்ஜ் இல்லையென்றால் இந்த இரண்டில் எதையுமே நான் வாங்கச் சொல்லமாட்டேன்.

மாசம் கரண்ட் பில் எவ்வளவு ஏறும்?

வருஷத்துக்கு 15,000 கி.மீ. ஓட்டினால் சுமார் 2,500 யூனிட். இந்தக் கார் வாங்குகிற வீட்டில் ஏற்கெனவே மேல் படிக்கட்டில் பில் வரும், அதனால் யூனிட் 12 ரூபாய் என்று வையுங்கள். வருஷம் 30,000. சார்ஜ் ஏறும்போது வீணாவதைச் சேர்த்தால் இன்னும் ஒரு மூவாயிரம். இதே அளவு பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 10 கி.மீ. தந்தால் ஒன்றரை லட்சம். காருக்கென்று தனி இணைப்பு வாங்க முடியுமா, அதற்கு என்ன கட்டணம் என்று மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுப்பாருங்கள்.

பின்சீட்டில் யாருக்கு வசதி?

அத்தானின் அம்மாவுக்கு, அதாவது பாட்டிக்கு, 74 வயது, முழங்கால் வலி. அவர்களைத்தான் நடுவராக வைத்துக்கொண்டோம். எந்த விமர்சனத்தையும்விட இது உதவியது.

மின்சாரக் காரில் பேட்டரி தரைக்கு அடியில் இருக்கிறது. அதனால் தரை உயர்கிறது, சீட் அந்த அளவுக்கு உயர்வதில்லை. விளைவு, பின்னால் உட்கார்ந்தால் முழங்கால் மேலே தூக்கிக்கொள்ளும், தொடைக்கு அடியில் பிடிமானம் இருக்காது. மெர்சிடிஸில் இது நன்றாகவே தெரிந்தது. பாட்டி ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு, “மணையில உக்காந்த மாதிரி இருக்குப்பா” என்றார்கள். பி.எம்.டபிள்யூவிலும் அந்தக் குறை அறவே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் சக்கரத்துக்குச் சக்கரம் 2,800 மி.மீ., மெர்சிடிஸில் 2,729. அந்த ஏழு சென்டிமீட்டரும் பின்சீட்டுக்காரருக்கே போயிருக்கிறது. காலை முன்னால் நீட்டிக்கொள்ளலாம், முதுகுச் சாய்மானமும் நன்றாகச் சாய்கிறது.

மெர்சிடிஸ் ஜெயித்த இடமும் அன்றே வந்தது. ஏ.சி. குறைக்கவேண்டும் என்றார்கள். மெர்சிடிஸில் டாஷ்போர்டில் பழைய மாதிரி தனித்தனி பொத்தான் வரிசை இருக்கிறது. முன்னால் இருப்பவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு தட்டு தட்டினால் போதும். பி.எம்.டபிள்யூவில் பொத்தானே இல்லை, எல்லாம் தொடுதிரைக்குள். அத்தான் மவுண்ட் ரோடு சிக்னலில் ஏ.சி.யைத் தேடிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு எம்.டி.சி. பஸ் ஹாரன் அடித்தது இன்னும் காதில் இருக்கிறது.

ஓட்ட எது நன்றாக இருக்கும்?

சொன்னால் நம்பமாட்டீர்கள், நூறைத் தொட இரண்டுக்கும் ஒரே 8.6 விநாடி. மெர்சிடிஸுக்கு 190 குதிரைத்திறன், பி.எம்.டபிள்யூவுக்கு 204. இரண்டிலும் முன்சக்கரம்தான் இழுக்கிறது. இரண்டுமே பந்தயக் குதிரை இல்லை, சென்னை டிராஃபிக்குக்கு வேண்டியதைவிட அதிகம்.

ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் கார் தானே மெதுவாகி பேட்டரிக்குக் கரண்டைத் திருப்பி அனுப்புமே, அதை மட்டும் ஓட்டிப் பாருங்கள். மெர்சிடிஸில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உள்ள இதழ் மாதிரியான சின்ன நெம்புகோல்களை இழுத்து அந்தப் பிடிப்பைக் கூட்டவோ குறைக்கவோ முடியும். பி.எம்.டபிள்யூவில் கியரை B-யில் (பார்க்கிங் P அல்ல) போட்டால் ஒரே பெடலில் ஓட்டலாம். ஓட்டுகிறவருக்கு இது ருசி. பின்னால் இருப்பவருக்கு வாந்தி. குழந்தைகளும் பெரியவர்களும் ஏறும்போது பிடிப்பைக் குறைத்துவையுங்கள்.

டெஸ்ட் டிரைவுக்கு ஷோரூம்காரர் கூட்டிப்போகும் வழுவழு ரோட்டோடு விடாதீர்கள். உங்கள் தெரு வேகத்தடைக்குக் கூட்டிவாருங்கள், நான்கு பேரை ஏற்றிக்கொண்டு. நீளமான கார் என்பதால் பி.எம்.டபிள்யூவை முக்கியமாக அப்படிப் பார்க்கவேண்டும். பின் கதவைத் திறந்து ஸ்டெப்னி இருக்கிறதா, அல்லது பஞ்சர் ஒட்டும் கிட் மட்டும்தானா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொடைக்கானல் ஏறுமா?

தாராளமாக. வத்தலக்குண்டிலிருந்து மேலே ஏற உயரம் சுமார் 1,800 மீட்டர். கார் இரண்டு டன், நான்கு பேர், பெட்டி எல்லாம் சேர்த்து 2,300 கிலோ என்று வைத்துப் பள்ளிக்கூடத்து இயற்பியல் சூத்திரத்தைப் போட்டால், அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் 11 யூனிட். சாதாரணமாக அந்தத் தூரத்துக்குச் செலவாவதோடு இதையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். ஏறும்போது சதவீதம் கண்ணெதிரே கரைவதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். இறங்கும்போது அதில் பாதிக்கு மேல் திரும்பி வந்துவிடும்.

மேலே உள்ள ஹோட்டலில் சார்ஜர் இருக்கிறதே என்று 100 சதவீதம் ஏற்றிக்கொண்டு இறங்காதீர்கள். நிறைந்த பேட்டரிக்குள் திரும்பி வரும் கரண்டுக்கு இடம் இருக்காது. அப்போது மோட்டார் பிடிக்கவேண்டிய பிரேக்கை எல்லாம் சாதாரண பிரேக் தாங்கவேண்டிவரும். 75, 80-இல் இறங்குவது நல்லது.

ரோடு டாக்ஸ் உண்டா?

தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட பெட்ரோல், டீசல் காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். 49 லட்சம் காருக்கு அது மட்டுமே பத்து லட்சத்துக்குப் பக்கம். மின்சாரக் காருக்கு மாநில அரசு 2023 கொள்கையில் முழு விலக்கு கொடுத்தது, 2025 டிசம்பர் 31 வரை என்று தேதியும் போட்டது. இப்படிப்பட்ட சலுகைக்கு எப்போதும் ஒரு தேதி இருக்கும். பதிவு செய்யும் நாளில் எந்த அரசாணை நடப்பில் இருக்கிறது என்று ஆர்.டி.ஓ.வில் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அது விலையிலேயே சேர்ந்துவிடும்.

பில்லில் ஒரு சதவீதம் டி.சி.எஸ். என்று, விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் வரியாகப் பிடிப்பார்கள், பத்து லட்சத்துக்கு மேல் எந்தக் காருக்கும் உண்டு. வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

கம்பெனி பெயரில் வாங்கினால் லாபமா?

வருமான வரிக் கணக்கில் தேய்மானம் 40 சதவீதம் போடலாம், சாதாரணக் காருக்கு 15 தான். காருக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யைக் கம்பெனியின் வரியில் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரவு கிடைக்காது. மிச்சத்தை உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள், அவருக்கும் வேலை வேண்டாமா.

வெள்ளத்தில் என்ன ஆகும்?

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார் நின்றதை எல்லாரும் பார்த்தோம். மின்சாரக் காரையும் அங்கேதான் நிறுத்தவேண்டும். பேட்டரிப் பெட்டி தண்ணீர் புகாதபடி மூடியிருக்கும், தேங்கிய தண்ணீரில் கொஞ்ச தூரம் போனால் ஷாக் அடிக்காது. ஆனால் பேஸ்மென்ட்டில் இரண்டு நாள் மூழ்கிக் கிடந்தால் சீட், வயரிங், எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் போச்சு. மூழ்கி எடுத்த வண்டியை ஸ்டார்ட் செய்யவோ சார்ஜில் போடவோ கூடாது. சக்கரம் தரையில் உருளும்படி கட்டி இழுக்கவும் கூடாது, லாரி மேல் ஏற்றித்தான் கொண்டுபோகவேண்டும். இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது பேட்டரிக்குத் தண்ணீரால் வரும் சேதம் சேர்ந்திருக்கிறதா என்று பாலிசியில் அந்த வரியைக் காட்டச் சொல்லுங்கள்.

பேட்டரி எத்தனை வருஷம் வரும்?

இரண்டு கம்பெனியும் எட்டு வருஷம் அல்லது 1,60,000 கி.மீ. வாரண்டி தருகின்றன. தினசரிக்கு 80 வரை ஏற்றுங்கள், வெளியூர் போகும் முந்தின ராத்திரி மட்டும் 100. வெயிலில் முழுச் சார்ஜோடு வாரக்கணக்கில் நிறுத்திவைக்காதீர்கள். எனக்கு பேட்டரியைவிடப் பழைய விலையைப் பற்றித்தான் கவலை. சொகுசு மின்சாரக் கார்கள் மூன்று வருஷத்தில் இறங்கும் வேகம் வயிற்றைக் கலக்கும். 66 லட்சத்தில் அது இன்னும் அதிகமாகவே கலக்கும்.

இன்னும் கொஞ்சம் காத்திருக்கலாமா?

அவசரமில்லை என்றால் காரணம் இருக்கிறது. 2025 செப்டம்பரில் மியூனிக் கண்காட்சியில் பி.எம்.டபிள்யூ புதிய ஐஎக்ஸ்3-ஐயும் மெர்சிடிஸ் மின்சார ஜிஎல்சி-யையும் காட்டின. இரண்டும் 800 வோல்ட் கார்கள், அதாவது இன்னும் வேகமாகச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளக்கூடியவை, ஐஎக்ஸ்3-க்கு ஐரோப்பியச் சோதனையில் 805 கி.மீ. வரை சொல்கிறார்கள். நாம் பேசிக்கொண்டிருக்கும் இரண்டும் அதற்கு முந்தைய தலைமுறை, பெட்ரோல் காரின் உடம்பில் பேட்டரி வைத்தவை. ஆனால் புதியவை அளவிலும் விலையிலும் ஒரு படி மேலே இருப்பவை. பழைய டீசல் வண்டி இன்னும் ஓடுகிறது என்றால் பொறுக்கலாம். பணிமனைக்கும் வீட்டுக்குமாக அலைகிறது என்றால் வேண்டாம்.

அப்போ மெர்சிடிஸை யார்தான் வாங்குவது?

பெரும்பாலும் தானே ஓட்டுகிறவர், பின்சீட்டில் சின்னப் பிள்ளைகள் மட்டும், உள்ளே உட்கார்ந்தால் சொகுசாக இருக்கவேண்டும் என்று நினைப்பவர். அந்த டாஷ்போர்டு, வட்ட வட்ட ஏ.சி. துவாரம், பாட்டுச் சத்தம் எல்லாம் பி.எம்.டபிள்யூவைவிட எனக்கே பிடித்தது. நீளமும் 15 சென்டிமீட்டர் குறைவு, மயிலாப்பூர் மாதிரி இடங்களில் நிறுத்த நிம்மதி. ஆனால் 17 லட்சத்துக்கு இவ்வளவுதானா என்று கேட்டால் ஆமாம், இவ்வளவுதான். ஸ்டாக்கில் நிற்கும் வண்டிக்குப் பெரிய தள்ளுபடி தந்து வித்தியாசம் ஐந்தாறு லட்சத்துக்கு இறங்கினால் மறுபடி யோசிக்கலாம்.

அத்தான் எதை வாங்கினார்?

பி.எம்.டபிள்யூவுக்கு முன்பணம் கட்டியிருக்கிறார். ஏ.சி. பொத்தான் இல்லாததைப் பற்றி இன்னும் முணுமுணுக்கிறார். பாட்டிக்கு நம்பர் பிளேட் ஏன் பச்சையாக இருக்கவேண்டும் என்பதுதான் கேள்வி. மின்சாரக் காருக்கு அதுதான் சட்டம் என்றேன், “வெள்ளை கேட்டுப் பாரேன்” என்கிறார்கள்.